ஒருமையில் பேசுதல்

2012 ஐப்பசியில் எங்கள் திராட்சைத் தோட்டத்து போர்வெல்லில் இருந்து ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டாருக்குப் போகிற செம்புக் கம்பி. கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கிற யாருக்கும் இது புது விஷயமில்லை. கவாத்து வெட்டி முடித்திருந்த நேரம், தண்ணீர் நின்றால் தளிர் வாடிவிடும். நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தீபாவளி லீவுக்கு வந்திருந்தேன். அப்பாவும் நானும் டிவிஎஸ் எக்செல்லில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை.

அப்பா வாசலிலேயே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாராவில் நின்றவரைக் கும்பிட்டார், ரைட்டரைக் கும்பிட்டார், உள்ளே இருந்த எஸ்ஐயைக் கும்பிட்டார். எஸ்ஐக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "என்னய்யா?" என்றார். அப்பா சொன்னார். "ராத்திரி எங்க போய்ப் படுத்துக் கிடந்த?" என்று ஆரம்பித்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் அப்பாவின் தூக்கம், அப்பாவின் புத்தி, கடைசியில் அப்பாவைப் பெற்றவள் என்று வரிசையாக வந்தது. அந்த வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கும் தெரிந்த வார்த்தைகள்தான். அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "சார், ப்ளீஸ் மைண்ட் யுவர் லாங்குவேஜ்."

என் குரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அது வேலை செய்தது. எஸ்ஐ என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லதுங்க. படிச்சவர், நீங்களே சொல்லுங்க, ஒரு ஒயருக்கெல்லாம் கேஸு போட முடியுமா?" என்றவர், அப்பா பக்கம் திரும்பி, "யோவ், கூட்டிட்டுப் போய்யா" என்றார்.

எனக்கு 'நீங்க', அப்பாவுக்கு 'யோவ்'. நான் பேசிய ஒரு வரி ஆங்கிலம் எனக்கு மட்டும் பன்மை வாங்கிக் கொடுத்தது. அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். புகார் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த 'நீங்க'தான்.

1

தமிழில் ஒரு வழக்கு உண்டு: "அவர் என்னை ஒருமையில் பேசினார்." பத்திரிகைச் செய்தியில், புகார் மனுவில், சட்டமன்றச் சண்டையில் எல்லாம் இது வரும். இலக்கணத்தில் இருக்கிற ஒரு சொல்லை நாம் குற்றச்சாட்டாக வைத்திருக்கிறோம். கெட்ட வார்த்தை பேச வேண்டியதுகூட இல்லை. 'வாங்க' என்பதில் இருக்கிற 'ங்க' போனால் போதும், ஆளே ஒரு படி இறங்கிவிடுகிறார். வசை பிறகு வருகிறது. அதற்குக் கதவு திறந்துவிடுவது ஒருமைதான்.

என் தாத்தாவுக்கு ஒரு சேக்காளி இருந்தார். 2003-இல் செத்துப்போனார்; எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பிறமலைக் கள்ளர் சமூகத்தவர். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். மை போகவில்லை என்பதுபோல. எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருநாள் கேட்டபோது, "ரேகைச் சட்டம்பா" என்றார். அப்புறம் சொன்னார்: "அடிச்சதெல்லாம் மறந்துபோச்சு. கூப்பிட்டதுதான் மறக்கல."

அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. பத்து வருடம் கழித்து, ஸ்டேஷனில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபோது புரிந்தது.

2

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைக்கு மேற்கே கீழக்குடியில் 1914-இல் அமலானது. 1918-இல் பிறமலைக் கள்ளர் சமூகம் மொத்தத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி எங்கள் பள்ளத்தாக்கிலும் இருந்த மக்கள் அவர்கள். இப்போது தேனி தனி மாவட்டம், 1996-இல் பிரித்தது. அப்போது எல்லாமே மதுரைதான்.

சட்டம் செய்தது இதுதான். வயது வந்த ஆண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள், பத்து விரல் ரேகையையும் எடுத்தார்கள். பதிவானவர்கள் ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜராக வேண்டும், பலர் அங்கேயே படுத்துக்கிடக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாதவரும் பிறப்பால் குற்றவாளி.

இன்றைக்கு யோசிக்கும்போது, இந்தச் சட்டத்தின் அன்றாட உருவம் ஒரு குரல் என்று தோன்றுகிறது. ராத்திரி வரிசையில் நிற்கிற ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். கூப்பிடுகிறவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நிற்கிறவருக்கு அறுபது இருக்கும், பக்கத்திலேயே மகனும் மருமகனும் நிற்பார்கள். தாத்தாவின் சேக்காளி மறக்காதது அதைத்தான். அடி ஒருவர் உடம்போடு போகும். மகன் முன்னால் 'டேய்' என்று கூப்பிட்டது இரண்டு தலைமுறைக்கு இருக்கும்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் மறுத்தது. ஆயுதப் போலீஸ் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு பெண், மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே இப்போது நினைவுத்தூண் இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரல் 3 அன்று கூட்டம் வரும்.

பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேசும்போது நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பிறகு சட்டம் இருபத்தேழு வருடம் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அந்த இருபத்தேழு வருடமும் மக்கள் என்ன செய்தார்கள்? மனு எழுதினார்கள்.

எழுதியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் 1887-இல் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்துவிட்டு மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர். ரேகைச் சட்டத்தில் மாட்டியவர்களுக்காக வழக்காடினார், பத்திரிகையில் எழுதினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ரோசாப்பூ துரை. போலீஸ்காரர்கள் ஒருமையில் கூப்பிட்ட மக்கள், தங்களுக்காகப் பேச வந்த ஒருவரை இப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் 1938-இல் இறந்துவிட்டார், சட்டம் போனதைப் பார்க்கவில்லை. பிறகு முத்துராமலிங்கத் தேவரின் போராட்டம், சட்டமன்றக் குரல்கள் என்று நீண்டு, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுக்கப் போனது 1952 ஆகஸ்ட் 31-இல்.

சட்டம் போனது. கூப்பிடுகிற குரல் போகவில்லை. அது ஒரு சாதியை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலை மிதிக்கிற எல்லா ஏழைகளுக்கும் பொதுவானது. தலித் மக்களுக்கு அது எப்போதும் சாதிப் பெயரோடு சேர்ந்தே வந்தது, இன்றும் வருகிறது. கள்ளர் சமூகம் உட்பட ஒருகாலத்தில் அந்தக் குரலைக் கேட்டவர்களே, ஊருக்குள் வேறு சிலரிடம் அதே குரலில் பேசியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் போனால் இது பாதி வரலாறுதான்.

3

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அடுத்த வருடம் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கிறவர்களும் போலீஸ் வேலை பார்க்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருந்த காலம். விரலை நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணந்தாள் எல்லாம் அந்த அறிக்கையில் தமிழ்ப் பெயரோடே இருக்கின்றன. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் இதைப் பற்றி எழுதினார். 1859-இல் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையும் போலீசும் தனித்தனி ஆயின. கிட்டி போனது.

புதிய போலீசின் வேலை ஆட்சிக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது. ஆளப்படுகிறவனிடம் மரியாதையாகப் பேசுவது அந்த வேலையில் அடங்கவில்லை. 1902-03 ஃப்ரேசர் கமிஷனே போலீஸ் ஊழல் மிகுந்தது, அடக்குமுறை செய்வது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள் என்று எழுதியது.

இன்னொன்றும் இருக்கிறது. மேலிருந்து கீழே வருகிற குரல் இது. நம்மை 'டேய்' என்று சொல்கிற காவலர் தன் அதிகாரியிடம் என்ன கேட்டுவிட்டு வந்திருப்பார்? அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 2022-இல்கூட சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவருக்குத் தன் கீழே இருப்பது நாம்தான். இது அவர் செய்வதை நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு ஆளைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காமல் இருக்க உதவும்.

4

சரி, திட்டினால் என்ன செய்வது?

திருப்பித் திட்டலாம். சினிமாவில் நன்றாக இருக்கும். நிஜத்தில், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு பிரிவு தயாராக இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் எந்த அடிதடி எஃப்ஐஆரை எடுத்தாலும் "ஆபாசமான வார்த்தைகளால் திட்டி" என்ற வரி இருக்கும். பழைய 294(பி), புதிய சட்டத்தில் 296(பி). அதாவது, பொது இடத்தில் பேசுகிற ஆபாச வார்த்தை குற்றம் என்பது தமிழ்நாட்டில் வேறு யாரையும்விடப் போலீசுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவர்களே அதை எழுதுகிறார்கள்.

எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்றே ஒருவர் இருக்கிறார். அங்கே அதிகாரம் என்பது லத்தி மட்டுமில்லை. எது எழுத்தில் ஏறும், எது ஏறாது என்பதை முடிவு செய்வதும்தான். ரேகைப் பதிவேடு அப்படித்தான் இருந்தது. அப்பாவுக்கு நடந்ததும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நான் சாஃப்ட்வேர்க்காரன். லாக் இல்லாத பிழை எங்கள் வேலையில் நடக்காத பிழை. நடந்தது என்று சொன்னால் "காட்டு" என்பார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி ஒரு மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனார். அவர் முன்னாலேயே ஒரு காவலர், உன்னால் எதுவும் ஆகாது என்ற அர்த்தத்தில், ஒருமையில், கொச்சையாகப் பேசினார். ஒரு நீதித்துறை நடுவரிடமே இப்படி என்றால் எங்கள் அப்பா எந்த மூலைக்கு?

ஆனால் அந்த மாஜிஸ்திரேட் செய்ததைப் பாருங்கள். அவர் திருப்பிக் கத்தவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். யார் பேசியது, என்ன பேசியது, எந்த அதிகாரிகள் அங்கே இருந்தார்கள் என்பதோடு, அந்த வார்த்தையையும் அப்படியே எழுதினார். நீதிமன்றம் தானாகவே அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. பேசிய நிமிடத்தில் காற்றில் போயிருக்க வேண்டிய ஒரு வார்த்தை, எழுதியதால் ஆதாரமானது.

அதே அறிக்கையில் இன்னொரு விவரம் இருந்தது. சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட் செய்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது வேலையில் நான் தினமும் பார்க்கிற செட்டிங். யாரோ ஒரு ஆள் மெனுவில் போய் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் அப்படி நடக்கும்.

அந்த வருடம் டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. படம் மட்டுமில்லை, ஒலியும் பதிவாக வேண்டும். பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒலியும் வேண்டும் என்ற அந்த ஒரு வார்த்தையால், வசையும் பதிவாக வேண்டிய விஷயமாகிவிட்டது.

5

எங்கள் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை ஏறினால் குமுளி. விடிகாலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மாநிலப் போலீசையும் தினமும் பார்க்கிறவர்கள். 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், போலீசார் மக்களை 'எடா', 'எடி', 'நீ' என்று கூப்பிடக் கூடாது என்றது. போலீஸ் கடுமையாகப் பேசியதாக ஒரு வியாபாரி போட்ட வழக்கு அது. இது காலனி காலத்து அடக்குமுறையின் மிச்சம் என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் குறிப்பிட்டார். மாநிலப் போலீஸ் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். ஒரு பிரதிப்பெயருக்கு நீதிமன்றம் தடை போட்டது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் 'ஒருமையில் பேசினார்' என்ற புகார் அங்கே சட்டமாகப் பேசப்பட்டிருக்கிறது.

கிழக்கே வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போன குடும்பத்தின் புகாரை இன்ஸ்பெக்டர் வாங்கவில்லை. புகார்தாரரின் அம்மாவை ஆபாசமாகப் பேசினார். மாநில மனித உரிமை ஆணையம் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, அதை இன்ஸ்பெக்டரிடம் வசூலிக்கச் சொன்னது. அவர் உயர் நீதிமன்றம் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 29 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அங்கேயும் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போகிற ஒவ்வொரு குடிமகனும் கண்ணியத்தோடு நடத்தப்பட வேண்டியவர், அது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற அடிப்படை உரிமை என்றது.

ஒரு அம்மாவைத் திட்டிய வார்த்தை டில்லி வரைக்கும் போய் நின்றிருக்கிறது. போக முடிந்ததற்குக் காரணம், ஆரம்பத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எழுதினார் என்பதுதான்.

ஆகவே, யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். அந்த இடத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். குரலை உயர்த்தாமல் "சார், மரியாதையாப் பேசுங்க" என்று ஒருதரம் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். சட்டையில் இருக்கிற பெயரைப் பாருங்கள், சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள், யார் யார் அங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள். வார்த்தையை மழுப்பாமல், கூச்சப்படாமல், அப்படியே எழுதுங்கள். கொடுத்த புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். திட்டியதைப் பற்றித் தனியாக எஸ்பிக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள், இன்ன தேதி இன்ன மணி சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக உண்டு, முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் விசாரிக்க முடியாது.

இதெல்லாம் செய்தால் பலன் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே ஊரில், அதே ஸ்டேஷன் எல்லையில் வாழ வேண்டியவர்களுக்குப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வீரம் சொல்லிக்கொடுப்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசாமல் வந்துவிடுவதும் ஒரு முடிவுதான். அப்பா எடுத்த முடிவு. அதில் கோழைத்தனம் இருந்ததாக ஒருகாலத்தில் நினைத்தேன், இப்போது நினைக்கவில்லை. அவர் மகனை வம்பில்லாமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

6

போன வருடம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் தீர்ப்பைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு லட்சமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு அந்தம்மா எத்தன வருசம் அலைஞ்சுச்சோ" என்றார்.

"அன்னைக்கு நம்மளும் எழுதிப் போட்டுருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"எழுதுனேனே."

பீரோவுக்கு மேலிருந்து பழைய கணக்கு நோட்டுகளை இறக்கினார். உரம், மருந்து, கூலி, கமிஷன் கடை வரவு எல்லாம் வருட வாரியாக இருக்கும். 2012 நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் எழுதியிருந்தது: ஒயர் திருட்டுப் போனது. மகனுடன் ஸ்டேஷன் போனது. பெட்ரோல் 50. புது ஒயர் பாக்கி.

தேதி இருந்தது. பெட்ரோல் காசு இருந்தது. அந்த ஐந்து நிமிடம் மட்டும் இல்லை.

"அத ஏம்ப்பா எழுதல?" என்றேன்.

"அதையெல்லாமா எழுதுவாக?" என்றார் அப்பா, நோட்டை வாங்கி மூடிக்கொண்டே.